இந்த எண் ஏற்கெனவே பதிவாகியுள்ளது

இறந்துபோன ஒரு பெண் இருபத்தாறு நாள் ஒழுங்காக வேலைக்கு வந்துகொண்டிருந்ததை முதலில் கண்டுபிடித்தவன் நான்தான். கண்டுபிடித்தேன் என்று சொல்லிக்கொள்வது கொஞ்சம் அதிகப்படி. அவளை வரவழைத்ததும் நான்தான் என்று பிறகு தெரிந்தது.

ஒரகடத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் ஷோரூமுக்கு மேலே எங்கள் அலுவலகம். தொழிற்சாலைகளுக்கு ஆள் அனுப்பும் ஒப்பந்த நிறுவனம். பெண்களுக்கு விடுதி, விடுதியிலிருந்து ஷிப்ட் பஸ் எல்லாம் எங்கள் பொறுப்பு. கணினிப் பிரிவு என்று கதவில் ஒட்டியிருக்கும். உள்ளே போனால் நான் மட்டும் இருப்பேன், என் வயதுக்குக் கொஞ்சம் குறைந்த ஒரு மின்விசிறியோடு.

காகிதத்தில் எடுத்துக்கொண்டிருந்த வருகைப்பதிவைச் செல்போனுக்கு மாற்றச் சொன்னார்கள். செயலி ஒன்று எழுதினேன். விடுதிப் பெண்கள் அதில் பஸ் இருக்கையைப் பதிவு செய்வார்கள். ஏறும்போது திரையில் வரும் கட்டம் கட்டமான கியூஆர் குறியை டிரைவரின் போனில் காட்டுவார்கள். டிரைவருக்குப் பெயரும் போட்டோவும் தெரியும், பச்சை விளக்கு எரியும். பஸ் நேராகத் தொழிற்சாலை வாசலுக்குப் போவதால் அதுவே அன்றைய வருகைப்பதிவும் ஆகிவிடும்.

உள்ளே வருபவர் யார் என்று சரிபார்க்கும் பகுதியை நான் எழுதவில்லை. அதை யாரும் சொந்தமாக எழுதக் கூடாது என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். பெரிய கம்பெனிகள் எழுதி, எங்கோ கிளவுட் என்கிற மேகத்தில் தங்கள் கணினிகளிலேயே ஓட்டி வைத்திருக்கும் லைப்ரரியை, அதாவது ஆயத்த நிரலைச் சேர்த்துக்கொண்டால் போதும். ஒரு மதியம், பதினொரு வரி. முடித்துவிட்டு ஏதோ கோபுரம் கட்டிய ராஜா மாதிரி வீட்டுக்குப் போனேன்.

கடவுச்சொல் வைக்கவில்லை. சோதனை வாரத்தில் பாதிப் பெண்கள் தங்கள் பெயரையே கடவுச்சொல்லாக வைத்திருந்தார்கள், மீதிப் பேர் மறந்திருந்தார்கள். ஆகவே செல்போன் எண்ணைப் போட்டால் ஓடிபி வரும், அந்த ஆறு இலக்கத்தைப் போட்டால் கதவு திறக்கும். புதிய எண் என்றால் பெயர், போட்டோ கேட்டுப் பதிவு செய்யும். பழைய எண் என்றால், 'இந்த எண் ஏற்கெனவே பதிவாகியுள்ளது, உள்ளே செல்லவும்' என்று ஒரு பொத்தானைக் காட்டும். மனிதத்தன்மை இருக்கட்டும் என்று என் கைச்சரக்காக ஒரு வரியும் சேர்த்திருந்தேன்: 'நீங்கள் திரும்பி வந்ததில் மகிழ்ச்சி.'

பொங்கல் முடிந்து ஏறக்குறைய இரண்டு மாதம். பணியாளர் பிரிவு அம்மையார் இரண்டு காகிதத்தோடு வந்தார். முதலாவது, எங்களிடம் இரண்டு வருடம் வேலை பார்த்த சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். பொங்கலுக்கு ஊருக்குப் போனவள் மஞ்சள் காமாலையில் இறந்துவிட்டாள். சான்றிதழ் நகல் அன்றுதான் வந்ததாம். கணக்கை முடிக்க வேண்டும். இரண்டாவது, புதிதாகச் சேர்ந்து ஒரு நாள்கூட வராத ஒருத்தி. முப்பது வேலை நாள் வருகை இல்லாவிட்டால் பட்டியலிலிருந்து பெயரைத் தானாகவே நீக்கும்படி நான்தான் எழுதியிருந்தேன். அவளுக்கு இன்னும் நான்கு நாள் பாக்கி.

"ரெண்டையும் சேத்தே தூக்கிடுங்க சார்," என்றார்.

இறந்தவளின் கணக்கைத் திறந்தேன். நீக்கு என்ற பொத்தானுக்கு மேலே, கடைசியாக உள்ளே வந்த நேரம் இருந்தது. இன்று மதியம் 1.12. பதினான்காம் இருக்கை, ஜன்னலோரம். சுவரில் மணி இரண்டு அடிக்கப் பத்து நிமிடம்.

நிரல் எழுதுகிறவன் இப்படிப்பட்ட சமயத்தில் பேயைச் சந்தேகிக்க மாட்டான், நேர மண்டலத்தைச் சந்தேகிப்பான். மேகத்தின் கணினி வேறு நாட்டில் இருக்கிறது, நேற்றையது இன்றாகக் காட்டியிருக்கலாம். கூட்டிக் கழித்துப் பார்த்தேன். எந்த நாட்டு நேரப்படி பார்த்தாலும் அவள் இருபத்தாறு நாள் வந்திருந்தாள். உயிரோடு இருந்தபோது மாதம் இரண்டு நாளாவது லீவு போட்டவள்.

டிரைவரைக் கூப்பிட்டேன்.

"பதினாலாம் நம்பரா? அது டெய்லி வந்துகினுதான் கீது சார். ஜன்னலாண்ட குந்திக்கும். யார்கிட்டயும் பேசாது."

போட்டோவில் இருக்கும் முகம்தானா என்று கேட்டேன்.

"அதே மூஞ்சிதான் சார். இன்னா, கொஞ்சம் எளச்சிருக்குது."

பேய் பற்றி உலக இலக்கியத்தில் கிடைத்ததையெல்லாம் படித்துவிட்டு, பேய் இல்லை என்று நண்பர்களிடம் ஒன்றரை மணி நேரம் பேசக்கூடியவன் நான். குன்றத்தூரில் என் வீட்டில் அன்று குளியலறைக் கதவைத் தாழிடாமல் குளித்தேன்.

மறுநாள் மதியம் ஒரு மணிக்கு விடுதி நிறுத்தத்தில் போய் நின்றேன். அந்தச் சாலையில் உச்சி வெயில் இருட்டைவிட மோசம். ஒரு பக்கம் முடிவே இல்லாத மதில். மறுபக்கம் வேலி போட்டு யாரும் கட்டாமல் விட்ட மனையில் சீமைக்கருவேலம். கன்டெய்னர் லாரி ஒன்று போனால் மண் எழும்பி அடங்க ஒரு நிமிடம் ஆகும். அந்த மண்ணுக்குள் நாற்பது பெண்கள் வரிசையாக நின்றார்கள். எல்லாருக்கும் ஒரே நீலச் சட்டை. எல்லாரும் துப்பட்டாவை முகத்தில் சுற்றிக் கண்ணை மட்டும் வெளியே விட்டிருந்தார்கள். நாற்பது ஜோடிக் கண்ணும் என்னைப் பார்த்தன. இதில் யார் இறந்தவள் என்று அடையாளம் கண்டுபிடிக்கும் வேலைக்கு நான் வருவேன் என்று என்னைப் படிக்க வைத்தவர்கள் நினைத்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

கடைசியாக ஏறினேன். பதினான்கில் ஒருத்தி உட்கார்ந்து துப்பட்டாவைப் பிரித்துக்கொண்டிருந்தாள். என் போனில் இருந்த முகம்தான் வெளியே வந்தது. இடது புருவத்தின் முனை லேசாக மேலே ஏறியிருந்தது, அதுவும் அப்படியே. பக்கத்தில் பதிமூன்றில் உட்கார்ந்தேன்.

நான் அலுவலகத்து ஆள் என்று சொல்லி, பெயர் கேட்டேன். சொன்னாள். என் இரண்டாவது காகிதத்தில் இருந்த பெயர். ஒரு நாளும் வேலைக்கு வராதவள்.

தங்கை. ஒன்றரை வயது இளையவள். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அக்காவின் சாமானை எடுத்துப்போக விடுதிக்கு வந்திருக்கிறாள். அறைப் பெண்கள், வீட்டுக்குப் போய் என்ன செய்யப்போகிறாய், இங்கேயே சேர்ந்துவிடு என்று எங்கள் அலுவலகத்துக்குக் கூட்டிவந்திருக்கிறார்கள். அப்படித்தான் இவள் பெயர் பட்டியலில் ஏறியது. எங்கள் விடுதி வழக்கம், ஒருத்தி போனால் அவளுடைய கட்டில், பக்கெட், அலமாரிச் சாவி எல்லாம் அடுத்து வருகிறவளுக்கு. இவளுக்கும் அக்காவின் கட்டில் வந்தது. அக்காவின் செல்போன் முன்பே கையில் இருந்தது. செயலியில் பதிவு செய்யப் பார்த்தால், இந்த எண் ஏற்கெனவே பதிவாகியுள்ளது என்றதாம். அது காட்டிய பொத்தானை அழுத்தியிருக்கிறாள். ஆறு இலக்கம் வந்தது. பிறகு அக்காவின் போட்டோ, அக்காவின் பெயர், அதன் கீழே என் கைச்சரக்கு: நீங்கள் திரும்பி வந்ததில் மகிழ்ச்சி.

"அக்கா எடத்துக்குத்தான வந்துருக்கோம், இங்க பேரையும் சேத்துத்தான் குடுப்பாவ போலன்னு நெனச்சேன் சார்," என்றாள்.

நான் சேர்த்த லைப்ரரி ஒரு நாளும் 'நீ யார்' என்று கேட்டதில்லை. இந்த எண் உன் கையில் இருக்கிறதா என்று மட்டும்தான் கேட்கும். பக்கெட் யார் கையிலோ அவளுடையது என்பது போல. அதைப் பாதுகாப்பு என்று நினைத்துக்கொண்டு பதினொரு வரி எழுதியிருந்தேன்.

விஷயத்தை அவளுக்கு விளக்கினேன். அக்காவின் கணக்கை நீக்கினால் இன்றையதையும் சேர்த்து இருபத்தேழு நாளும் அதோடு போய்விடும், அவள் ஒரு நாளும் வராதவளாகவே இருப்பாள், மூன்று நாளில் வேலை போய்விடும். வேறு எண் வாங்கிக்கொண்டு புதிதாகப் பதிவு செய்தால் இனிமேலாவது சிக்கல் இருக்காதே என்றேன்.

"எங்கம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது சார். இந்த ஒரு நம்பர்தான் மனப்பாடம். பஸ்ல ஏறுத நேரத்துக்குக் கூப்புடுவா."

சொல்லி வைத்தாற்போல மணி அடித்தது. எடுத்தாள். மறுமுனைக் குரல் எனக்கே கேட்டது. அந்தக் குரல் கூப்பிட்டது அக்காவின் பெயரை.

"ஏறிட்டேம்மா. சன்னல் சீட்டுதான்," என்றாள் இவள். திருத்தவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி கடைசிவரை அக்காவாகவே பேசினாள். தொழிற்சாலை வாசலில் இறங்கும்போது என்னிடம், "வேல போயிராதுல்லா சார்?" என்றாள். அது தங்கையின் குரல்.

லைப்ரரியின் உள்ளே மனிதர் என்பது அர்த்தமில்லாத ஒரு நீண்ட எழுத்துக் கோவை. பெயர், போட்டோ, எண் எல்லாம் அதில் தொங்கும் சீட்டுகள். அக்காவின் கோவையில் பெயர்ச் சீட்டை மாற்றித் தங்கையின் பெயரை எழுதினேன். ஒரு வினாடி வேலை. அதற்குள் அக்கா இந்த உலகத்தில் இருந்ததற்கான தடயமே இல்லாமல் போனாள். பயந்துபோய், எண் இல்லாத ஒரு புதுக் கணக்கு திறந்து, அதில் அக்காவின் பெயரை எழுதி, பழைய இரண்டு வருட நாட்களை அங்கே நகர்த்தினேன். அந்த இருபத்தேழு நாட்களைத் தங்கையிடமே விட்டேன். அம்மையாரிடம் நடந்ததைச் சொன்னதும் அவர் அந்தப் பெண்ணை நேரில் வரவழைத்து ஒரு முறை பார்த்தார். பார்த்ததும் தண்ணீர் குடித்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். நான்காம் நாள் என் நிரல் பட்டியலை அலசியது. அவள் பெயரைத் தொடாமல் போயிற்று.

புது போட்டோ அனுப்பச் சொல்லிக் கேட்டிருந்தேன்.

"அந்தப் போட்டோவே இருக்கட்டும் சார்," என்றாள். "என்னயப் பாத்தாலும் அதான தெரியும்."

விட்டுவிட்டேன். செயலியில் மட்டும் ஒரு கேள்வி சேர்த்தேன். பழைய எண்ணோடு யாராவது வந்தால், அந்தப் பெயரையும் போட்டோவையும் காட்டி, 'இவர் நீங்கள்தானா?' என்று கேட்கும். முதல் வாரத்திலேயே ஏழு பேர் 'இல்லை' என்று அழுத்தினார்கள். அந்த ஏழு பேரையும் விசாரிக்க வேண்டும். நாளைக்கு என்று தள்ளிக்கொண்டிருக்கிறேன்.

அம்மையார் போன வாரம், பழைய கணக்கைத் தூக்கியாச்சா என்று கேட்டார். ஆச்சு என்றேன். ஆகவில்லை. போட்டோ தங்கையிடம் போய்விட்டதால் அங்கே முகம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு தலை, ஒரு தோள். எண் கிடையாது, ஓடிபி போக வழி கிடையாது, யாரும் உள்ளே வர முடியாது. இது எனக்கு நன்றாகத் தெரியும், கட்டியவனே நான்தான். ஆனாலும் தினமும் சாப்பாட்டுக்கு எழுந்து போவதற்கு முன், 1.12 தாண்டட்டும் என்று காத்திருந்து, அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கிறேன். கடைசியாக உள்ளே வந்த நேரம் என்ற இடத்தில் இதுவரை ஒரு சின்னக் கோடுதான் இருக்கிறது.