தரவை வெள்ளமும் எங்கள் பிக்கப்பும்

எங்கள் வீட்டிலிருந்து தார் றோட்டுக்குப் போக ஒரேயொரு வழிதான் உண்டு. வேலணைத் தீவின் ஓரத்தில், பனங்கூடல் முடிந்ததும் தரவை தொடங்கும். வெயில் காலத்தில் அது மாடுகள் மேயும் வெறும் வெளி. மாரியில் மழைத்தண்ணீரும் கடல்தண்ணீரும் கலந்து நிற்கும்போது பாதை எது, சேறு எது என்று தெரியாது. பல வருடங்களாக அது எனக்கு ஒரு தொல்லை, அவ்வளவுதான். மனைவியின் சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்ட பிறகுதான் அந்த வெளியைப் பார்க்கப் பயம் வந்தது.

இரத்தம் சுத்திகரிக்க அவளைக் கிழமைக்கு இரண்டு தடவை யாழ்ப்பாண ஆசுபத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். கனடாவிலிருக்கும் மகள் தொலைபேசியில் ஒவ்வொரு முறையும் அதையே சொல்லுவாள்.

"அப்பா, ரவுனில ஒரு வீடு எடுத்து இருங்கோவன்."

மனைவி என் கையிலிருந்து தொலைபேசியை வாங்குவாள். "மாட்டை ஆர் பாக்கிறது? ரவுனில நாலு சுவருக்குள்ள கிடந்தால் எனக்கு மூச்சு வராது பிள்ளை."

எங்களிடம் ஒரு பழைய டீசல் பிக்கப் இருந்தது. வைக்கோலும் எருவும் ஏற்றுவதற்காக வாங்கியது. முதல் மாரியில், ஆசுபத்திரியிலிருந்து திரும்பி வரும்போது, அது தரவையின் நடுவில் புதைந்தது. பின்சில்லுகள் சுழன்று சுழன்று சேற்றைக் கிண்டின. நான் இறங்கி, கைக்கு அகப்பட்ட பனைமட்டைகளையெல்லாம் சில்லுக்குக் கீழே திணித்துவிட்டு வந்து பார்த்தேன். மனைவி கண்ணாடியில் தலை சாய்த்திருந்தாள். முகத்தில் நிறம் இல்லை. 

"இஞ்சேரும்" என்றேன். தோளைப் பிடித்து உலுக்கினேன். 

கண்ணைத் திறந்து, "நித்திரை கொள்ள விடுங்கோவன்" என்றாள். 

அயலில் உள்ளவர் உழவு இயந்திரத்தைக் கொண்டுவந்து இழுத்துவிடும் வரைக்கும் நான் அவளுடைய மூச்சையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த நாளே பிக்கப்பைக் கராஜுக்குக் கொண்டுபோனேன். அதில் நான்கு சில்லும் இழுக்கிற வசதி இருந்தது. ஆனால் நான் வாங்கிய நாளிலிருந்து அந்தக் கியர் அசையவே இல்லை. மெக்கானிக் அதைக் கழற்றித் துருவைச் சுரண்டி வேலை செய்ய வைத்தார். வீடு திரும்பும்போது தரவையில் நான்கு சில்லும் சேர்ந்து பிடித்தன. அன்றிரவு நன்றாகத் தூங்கினேன். ஆனால் அந்த நிம்மதி அடுத்த பெருமழை வரைக்கும்தான். பள்ளங்களில் வண்டியின் அடிவயிறு தட்டியது. தட்டும் சத்தம் ஒவ்வொன்றும் என் நெஞ்சில் விழுந்தது.

பிறகு ஆழமான பல்லுள்ள அகன்ற ரயர்கள் பூட்டினேன். அதற்குப் பிறகு ஸ்பிறிங் மாற்றி வண்டியை உயர்த்தினேன். உயர்த்தியதும் மனைவிக்கு ஏற ஏலாமல் போனது. இரும்புக் குழாயை வளைத்து அவளுக்கென்று ஒரு படி ஒட்டுவித்தேன். மண்கும்பான் கடற்கரைக்குப் போய், ரயரில் காற்றைக் குறைத்துவிட்டு மணலில் ஓடிப் பழகினேன். கடற்கரைக்கு வந்திருந்த பெடியள் நான் பந்தயத்துக்குப் பழகுவதாக நினைத்துக் கை தட்டினார்கள். எனக்கோ கைகள் வியர்த்து ஸ்ரியறிங் வளையத்தில் வழுக்கின.

அடுத்து, எஞ்சினுக்குள் தண்ணீர் போகாமல் காற்றிழுக்கும் குழாயைக் கூரை உயரத்துக்கு ஏற்றினோம். கடைசியாகக் கதவு றப்பர்கள். மனைவியின் காலடி எப்போதும் நனைந்துகொண்டிருந்தது. நனைந்த காலோடு அவள் ஆசுபத்திரியில் குளிரில் படுத்திருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. நான்கு கதவுக்கும் புது றப்பர் போட்டு, தளத்திலிருந்த ஓட்டைகளையும் அடைக்கச் சொன்னேன்.

மெக்கானிக் சிரித்தார். "அண்ணை, இனி என்னத்தைப் பூட்டுறது? இறக்கைதான் மிச்சம்."

நான் சிரிக்கவில்லை. பாதையின் இரண்டு ஓரத்திலும் வெள்ளை பூசிய கம்புகளை நட்டுவிட்டு, அந்த வருட மாரிக்காகக் காத்திருந்தேன்.

புயல் வந்தது. காற்று அடித்த நாளில் வெளியே தலைகாட்ட முடியவில்லை. அன்று போகவேண்டிய சிகிச்சை தப்பிப் போனது. மறுநாள் காற்றுத் தணிந்தும் மழை விடவில்லை. மூன்றாம் நாள் விடிந்தபோது மனைவியின் முகம் வீங்கியிருந்தது. படுக்க முடியாமல் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து மூச்சு இழுத்துக்கொண்டிருந்தாள். அம்புலன்சுக்கு அழைத்தேன். தார் றோட்டு வரைக்கும் வரலாம், தரவைக்குள் இறங்க ஏலாது என்றார்கள். உழவு இயந்திரம் வைத்திருந்தவர் வீட்டில் வெள்ளம் புகுந்து, குடும்பத்தோடு பாடசாலைக்குப் போய்விட்டார்.

வாசலுக்கு வந்து பார்த்தேன். தரவை முழுவதும் ஒரே தண்ணீர். கம்புகளின் தலை மட்டும் தெரிந்தது.

"ஏலுமே?" என்று மனைவி கேட்டாள்.

"ஏலும்."

"ஏலாட்டிச் சொல்லுங்கோ. நான் ஒண்டும் நினைக்கமாட்டன்."

அவள் இதை யோசித்து முடித்துவிட்டாள் என்று புரிந்தது. அவளைத் தூக்கி ஏற்றினேன்.

முதல் பாதி நன்றாகவே போனது. மெதுவாக, நிறுத்தாமல், கியர் மாற்றாமல் ஓட்டினேன். தண்ணீர் முன்பக்கத்தில் அலையாகப் பிரிந்து போனது. நடுவில், மழைத்தண்ணீர் கடலை நோக்கி ஓடும் வாய்க்காலுக்கு மேல் ஒரு சிறிய மதகு உண்டு. அதை அண்டியபோது தண்ணீர் இடப்பக்கமிருந்து தள்ளத் தொடங்கியது. மண்ணிற வெள்ளம், மேலே சருகும் நுரையும். 

திடீரென்று வளையம் இலேசாகிப் போனது. கீழே ரயர் உரசும் சத்தம் நின்றது. எஞ்சின் இரைந்தது, ஆனால் நாங்கள் முன்னுக்குப் போகவில்லை. எனக்கு வலப்பக்கம் இருக்கவேண்டிய வெள்ளைக் கம்பு கண்ணாடிக்கு நேர் முன்னால் வந்து நின்றது.

வண்டி மிதந்துகொண்டிருந்தது. 

பின்பெட்டி வெறுமை. பெரிய ரயர்களுக்குள் காற்று. நான் அடைத்த கதவுகளுக்குள் ஒரு துளி தண்ணீர் வரவில்லை. எங்களை வெள்ளம் வள்ளம்போலத் தூக்கிக் கடலை நோக்கிப் பக்கவாட்டில் கொண்டுபோனது. கம்பைத் தாண்டினால் வாய்க்கால். அதில் என் உயரத்துக்கு மேல் தண்ணீர் இருக்கும்.

"என்ன, போகுதில்லையே?" என்றாள் மனைவி.

"மிதக்குது" என்றேன். "உள்ளுக்குத் தண்ணி விடவேணும். அப்பதான் ரயர் நிலத்தில குந்தும்."

அவள் என்னைப் பார்த்தாள். சுத்திகரிப்புக்கு ஊசி குத்தும் இடது கையை நனையாமல் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்துக்கொண்டாள். "விடுங்கோ."

என் பக்கக் கதவைத் தோளால் தள்ளினேன். அசையவில்லை. இன்னொரு முறை, காலையும் ஊன்றித் தள்ளினேன். இடைவெளி விழுந்ததும் வெள்ளம் குளிராகப் பாய்ந்து உள்ளே வந்தது. என் முழங்கால், இருக்கை, அவளுடைய மடி. அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். நீச்சல் தெரியாத அவளை எந்தப் பக்கத்தால் வெளியே இழுப்பது என்று மட்டும் நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

பின்பக்கம் முதலில் இறங்கியது. ஒரு சின்ன அதிர்வு. கம்பு முன் பம்பரில் தட்டி முறிந்தது. பிறகு முன்சில்லும் எதிலோ குந்தியது. இடப்பக்கம் ஒடித்து எஞ்சினை இரைய விட்டேன். சில்லுகள் வழுக்கின, வழுக்கின, பிறகு பிடித்தன. மதகின் கல் ரயருக்குக் கீழே கரகரத்தபோது நான் அழுதுகொண்டிருந்தேன். தார் றோட்டில் ஏறி நிறுத்திக் கதவுகளைத் திறந்துவிட, உள்ளேயிருந்து தண்ணீர் அருவியாகக் கொட்டியது. ஒரு சின்ன மீனும் விழுந்து துடித்தது.

அம்புலன்ஸ் நின்றது. கம்பளியால் போர்த்து அவளை ஏற்றினார்கள். நான் பின்னால் பிக்கப்பை ஓட்டிக்கொண்டு பண்ணைப் பாலத்தால் யாழ்ப்பாணம் போனேன். ஆசுபத்திரியில் தாதி, "ஏன் அம்மா இவ்வளவு பிந்தி?" என்று ஏசிக்கொண்டே ஈரச் சட்டையை மாற்றினாள். இரத்தம் சுத்திகரித்து, சில மணி நேரத்தில் மனைவியின் மூச்சுத் திணறல் இறங்கியது. தேத்தண்ணி கேட்டாள். உடம்பில் நீர் கூடக்கூடாதென்று அளந்துதான் கொடுத்தார்கள்.

அந்த மாரி முடியும்வரை ரவுனில் ஒரு அறை எடுத்து இருந்தோம். மாடுகளை அயலவர் பார்த்தார். இந்த முறை மனைவி மறுப்புச் சொல்லவில்லை. பிக்கப்பின் இருக்கைகளைக் கழற்றி வெயிலில் போட்டேன். தளத்தின் அடைப்புகளைத் திரும்ப எடுத்துவிட்டு, பின்பெட்டியில் கல் நிரப்பிய சாக்குகளைக் கட்டினேன். வேறொன்றும் பூட்டவில்லை. இனி தண்ணீர் கம்பின் பாதிக்கு ஏறுவதற்கு முன்பே வெளிக்கிட்டு விடுவது என்று இரண்டு பேரும் முடிவெடுத்தோம்.

பங்குனியில் வீடு திரும்பினோம். தரவை வெடித்துக் காய்ந்து கிடந்தது. ஒரு நாள் காலை, மாடுகளைக் கலைத்துவிட்டு வந்தவள் வண்டிக்குப் பக்கத்தில் நின்றாள்.

"எனக்கும் இதை ஓடப் பழக்குங்கோ."

"ஏன் இப்ப?"

"அண்டைக்கு உங்களுக்கு ஏதும் நடந்திருந்தால் நான் என்ன செய்திருப்பன்? கையைத் தூக்கிக்கொண்டு இருந்திருப்பன்."

அவள் வலப்பக்கம் ஏறினாள். நான் இடப்பக்கம் போய் உட்கார்ந்தேன். அந்த இருக்கையில் நான் அதுவரை இருந்ததே இல்லை. முன்னால் பிடிக்க ஒன்றும் இல்லை, மிதிக்க ஒன்றும் இல்லை. வண்டி ஒருமுறை துள்ளி நின்றது. மறுபடியும் ஸ்ராட் பண்ணினாள். மாடுகள் தலை நிமிர்த்திப் பார்க்க, நாங்கள் மதகை நோக்கி மெல்ல நகர்ந்தோம். நான் கதவின் கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தேன்.

"பயப்பிடாதேங்கோ" என்றாள் அவள், பாதையிலிருந்து கண்ணை எடுக்காமல்.