கிடாவின் சம்மதம்

எனக்கு வேலை நிரந்தரமானால் கிடா வெட்டுவதாக அம்மா எங்கள் ஊர் அம்மனிடம் வேண்டிக்கொண்டிருந்தாள். வல்லக்கோட்டை முருகனிடம் வேண்டியிருந்தால் என் தலைமுடியோடு போயிருக்கும். 1991இல், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் நான் வேலை பார்த்த கம்பெனியில் ஆர்டரைக் கையில் கொடுத்தார்கள். கிடாவுக்கு நாள் குறித்தார்கள்.

எங்கள் ஊரில் கிடாவைக் கேட்காமல் வெட்ட மாட்டார்கள். தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். உடம்பைச் சிலிர்த்தால் சம்மதம் என்று அர்த்தம். அன்று மூன்று குடம் ஊற்றியும் அது அசையவில்லை. கழுத்து மாலையைப் பொறுமையாகத் தின்றுகொண்டிருந்தது.

"மத்தியானம் வரைக்கும் பாப்போம். அப்பவும் இல்லன்னா அவுத்து வுட்ற வேண்டியதுதான்" என்றார் பூசாரி.

எட்டு மாதம் தழை ஒடித்துப் போட்டவன் நான். அது பிழைத்துவிடாதா என்று கிடந்து தவித்தேன்.

"ஆட்டுக்கு இன்னாய்யா தெரியும்? வெட்டுங்க. எனக்கு செகண்ட் ஷிஃப்ட் கீது" என்றார் விருந்துக்கு வந்திருந்த என் சூப்பர்வைசர்.

தாய்மாமாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "எல்லாம் தெரியும் சார். தெரியாததுகிட்ட போயி யாராவது உத்தரவு கேப்பாங்களா?"

"தெரிஞ்சா அது எதுக்கு மாமா ஒத்துக்கப்போவுது?" என்றேன்.

"நீ சும்மா இருடா" என்றுவிட்டு மாமா கிடாவின் முன் குந்தினார். "ஒத்துக்க ராஜா. புள்ளயோட வேல விஷயம்."

ராஜா இன்னொரு சாமந்தியைக் கடித்தது. பந்தியில் உட்கார்ந்திருந்தவர்கள் வெறும் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தை கத்தரிக்காய் வாங்க ஆள் அனுப்பினாள்.

உச்சி வெயில் வந்தது. பூசாரி முளையிலிருந்து கயிற்றை அவிழ்த்தார். கிடா நேராக என்னிடம் வந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து அதன் தலையை, காதுகளைத் துடைத்துவிட்டேன்.

கொம்பிலிருந்து வால்வரை சிலிர்த்தது.

குலவைச் சத்தம் காதைக் கிழித்தது. மாமா என்னைக் கட்டிக்கொண்டார். "உன் கை படணும்னு காத்துக்கினு இருந்திருக்குது பாரேன்!"

"ஐயோ, காதுல தண்ணி மாமா! அது ஒண்ணும் தெரிஞ்சி செய்யல!" என்று கத்தினேன்.

சூப்பர்வைசர் சிரித்தார். "இதத்தானேப்பா நான் காலையிலேருந்து சொல்றேன்?"

மாமா கயிற்றைப் பிடித்து இழுத்தார். கிடா நகரவில்லை.

"நீ முன்னால நட, வரும்" என்றார்.

நடந்தேன். வந்தது.