வாரேன் என்று சொன்னவள்

கிரேஸ் இறந்துவிட்டாள். செய்தி வந்தபோது நான் காந்திபுரத்தில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். கைப்பேசியில் கென்யா எண். எடுத்தால் அவள் குரலேதான். "என்னடி, இந்நேரத்தில்?" என்று நான் சிரித்துக்கொண்டே ஆரம்பித்துவிட்டேன். பிறகு அந்தக் குரல், "நான் அவர் மகள். அம்மா இன்று காலையில் போய்விட்டார்" என்று ஆங்கிலத்தில் சொன்னது. ஒருத்தி இறந்துபோன சேதியை அவள் குரலிலேயே கேட்பது எப்படி இருக்கும் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அன்று நான் ஏறவேண்டிய பஸ் கண்ணெதிரே போனது.

தொண்ணூறுகளில் சரவணம்பட்டி விடுதியில் எங்களோடு இருந்தவர்களுக்கு அவளை நினைவிருக்கும். கென்யாவில் ஏரிக்கரை ஊர் ஒன்றிலிருந்து உயிர்வேதியியல் படிக்க வந்தவள். முதல் நாள் வகுப்பில் கடைசி பெஞ்சில் நானும் அவளும் பக்கத்தில் உட்கார்ந்தோம். நான் ஆனைமலைப் பக்கம், தோப்பு வேலைக்குப் போகிற வீட்டுப் பெண். தமிழிலேயே படித்து வந்தவள். எனக்கு ஆங்கிலம் புரியாது. அவளுக்கு ஆங்கிலம் தெரியும், ஆனால் எங்கள் வாத்தியார் பேசியது ஆங்கிலம்தான் என்பது புரியவில்லை. இரண்டு பேரும் ஒரே மாதிரி முழித்தோம். சிநேகம் அங்கே பிடித்தது.

விடுதிச் சாப்பாடு அவளுக்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. சோறும் ரசமும் பார்த்தாலே முகம் வாடும். ஒரு விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். அம்மா வெட்கப்பட்டுக்கொண்டே ராகிக்களி கிண்டி வைத்தாள். கிரேஸ் அதைக் கையால் கிள்ளி, உருட்டி, நடுவில் கட்டைவிரலால் குழி செய்து, கீரைக் குழம்பில் தொட்டு வாயில் போட்டாள். பிறகு அப்படியே அழுதாள். அம்மா பதறி, "ஏங் கண்ணு, காரமாயிருச்சா?" என்றாள். "இல்லீங்கம்மா, எங்கூட்டுலயும் இதேதானுங்க" என்றாள் கிரேஸ். அதற்குப் பிறகு அம்மா என்னைவிட அவளைத்தான் அதிகம் விசாரித்தாள். பெற்ற பிள்ளை நான் பக்கத்தில் நிற்பேன், "அம்மணி நல்லாருக்குதா?" என்பாள்.

வந்த புதிதில் கிரேஸ் யார் வீட்டிலிருந்தும் சும்மா எழுந்து நடந்துவிடுவாள். நம் பக்கத்தில் அது ஆகுமா? வாசல்வரை வந்து, திரும்பி நின்று, "போயிட்டு வாரேனுங்க" என்று சொல்லாமல் கிளம்பினால் கோபித்துக்கொண்டு போகிறாள் என்றுதான் அர்த்தம். விடுதியே சேர்ந்து அவளுக்கு அதைக் கற்றுக்கொடுத்தது. அவளும் விடாப்பிடியாகக் கற்றுக்கொண்டாள். லேப் அட்டெண்டரிடம் சொல்வாள், பஸ் கண்டக்டரிடம் சொல்வாள், கேட்டருகே படுத்திருக்கும் நாயிடமும் சொல்வாள். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம்.

அந்த வருஷம்தான் விடுதிச் சமையல்காரர் பாப்பாத்தி அக்காவின் வீட்டுக்காரர் இறந்தார். நாங்கள் எல்லோரும் கணபதிப் பகுதியில் இருந்த அவர் வீட்டுக்குப் போனோம். சிறிது நேரம் நின்றுவிட்டு ஒவ்வொருவராக நழுவினோம். சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக்கூடாது என்பது நமக்கு யாரும் சொல்லித் தந்து வருவதில்லை. பாவம், அவளுக்கு எப்படித் தெரியும்? வாசல்வரை வந்தவள் திரும்பினாள். கைகூப்பி, தெளிவாக, மரியாதையாக, "போயிட்டு வாரேனுங்க அக்கா" என்றாள்.

ஒப்பாரி நின்றுவிட்டது. அங்கிருந்த பெரியவர் ஒருவர், "அட அம்மணி! எழவு ஊட்டுல அந்தப் பேச்சைப் பேசிப்போட்டியே!" என்று தலையில் அடித்துக்கொண்டார். பாப்பாத்தி அக்கா மட்டும் நிமிர்ந்து அவளையே பார்த்தார். பஸ்ஸில் வரும்போது, அதில் என்ன தப்பு என்று கிரேஸ் கேட்டாள். அப்படிச் சொன்னால் இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்று ஆகும், அதனால் சொல்லமாட்டார்கள் என்று விளக்கினேன். "அது சும்மாடி, பழைய ஆளுங்க பேச்சு" என்றும் சேர்த்துச் சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மாதம் முடியவில்லை. வார்டன் அறைக்குத் தொலைபேசி வந்தது. மீன் பிடிக்கப் போன அவள் தம்பி ஏரியில் மூழ்கிவிட்டான். சேதி வந்து சேர்வதற்குள் புதைத்தும் விட்டார்கள்.

அதன் பிறகு இருந்த கிரேஸை விடுதியில் இருந்த நீங்களும் பார்த்தீர்கள். எந்த அறையைவிட்டு வெளியே வந்தாலும் வாசலில் நிற்பாள், உதடு அசையும், சொல் வராது. சில நாள் வகுப்பு முடிந்தும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பாள். பட்டப்பகலில், "பின்னாடி யாரோ வாராங்க பாரு" என்பாள். நான் திரும்பிப் பார்ப்பேன். யாரும் இல்லை என்று தெரிந்தேதான் பார்ப்பேன், இருந்தும் எனக்கு உடம்பு சிலிர்க்கும். ஒருநாள் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தாள். படிப்பு வேண்டாம், ஊருக்குப் போகிறேன் என்றாள். "இங்க நான் என்ன பேசறேன்னு எனக்கே தெரியலீங்க. இன்னொருத்தரைக் கொன்னுபோடுவேன்." எங்கள் சமாதானம் எதுவும் எடுபடவில்லை.

அந்த வாரம் பாப்பாத்தி அக்கா வேலைக்குத் திரும்பினார். சேதியை யாரோ அவர் காதில் போட்டிருக்க வேண்டும். நேராக எங்கள் அறைக்கு வந்தார். கட்டிய பெட்டியைப் பார்த்தார். ஆறுதல் சொல்வார் என்று நினைத்தேன். அவரோ கோபமாகக் கேட்டார்:

"ஏங் கண்ணு, அன்னைக்கு வாரேன்னு சொல்லீட்டுத்தான போன? ஏன் வரவே இல்ல?"

அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "அத்தன பேரு வந்தாங்க. எல்லாருஞ் சொல்லாமப் போனாங்க, அது மொறைதான். கருமாதி முடிஞ்சப்பறம் ஒருத்தரும் எட்டிப் பாக்கல. நீ ஒருத்திதான் வாரேன்ன. அந்தப் பிள்ள வரும், வரும்னு வாசலப் பாத்துட்டே இருந்தனே."

அதைச் சொல்லும்போதுதான் அவருக்கு அழுகை வந்தது. இரண்டு பேரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து அழுதார்கள். நான் பெட்டியைப் பிரித்துத் துணிகளை அலமாரியில் வைத்தேன். வேறென்ன செய்ய?

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை தோறும் சர்ச் முடிந்ததும் கிரேஸ் கணபதியில் அக்கா வீட்டுக்குப் போய்விடுவாள். படிப்பை முடித்தாள். ஆனால் பயம் முழுதாகப் போய்விட்டது என்று நான் பொய் சொல்லமாட்டேன். "மனசு நம்பலீங்க, காலுதான் நம்புது" என்பாள். வாசலில் அந்தக் கால் தயங்குவதை நான் கடைசிவரை பார்த்தேன். ஊருக்குக் கிளம்பிய அன்று ரயில் நிலையத்தில் எங்கள் யாரிடமும் அவள் சொல்லிக்கொள்ளவில்லை. வண்டி நகர்ந்தது. ஜன்னலில் அவள் முகம் எங்களைப் பார்த்தபடியே இருந்தது. அதன் பிறகு நாங்கள் நேரில் சந்திக்கவில்லை, தொலைபேசியில்தான் எல்லாம்.

பாப்பாத்தி அக்காவும் போய்ச் சேர்ந்தாயிற்று. இப்போதும் எந்தச் சாவு வீட்டிலிருந்து இறங்கினாலும், எனக்குப் பின்னால் யாரோ வாசலில் நின்று திரும்புவது போலவே இருக்கிறது. நான் பயந்த சுபாவக்காரி அல்ல. ஆனாலும் வேகமாக நடந்துவிடுகிறேன்.

அவளிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒரு பழக்கம். சாவு வீட்டுக்கு எல்லோரோடும் போவேன், சொல்லாமல் வருவேன். கருமாதி முடிந்து, பந்தல் பிரித்து, உறவுக்காரர்கள் ஊர் திரும்பிய பிறகு மறுபடியும் போவேன். அந்த நேரத்தில் கதவைத் திறக்கிறவர்களின் முகத்தை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

கிரேஸின் வீடு கடலுக்கு அப்பால் இருக்கிறது. கூட்டம் வடிந்திருக்கும் என்று தோன்றிய நாளில் அவள் மகளைக் கூப்பிட்டேன். நெடுநேரம் மணி அடித்த பிறகுதான் எடுத்தாள்.

"ஆன்ட்டி, எல்லோரும் போய்விட்டார்கள். நான் மட்டும்தான் இருக்கிறேன்" என்றாள்.

"தெரியும் கண்ணு, அதனால்தான் வந்தேன்" என்றேன்.