துரை வைத்திருந்த ரோட்டர்

என் பழைய காருக்கு டிஸ்ட்ரிபியூட்டர் இல்லாத எலக்ட்ரானிக் இக்னிஷன் பொருத்திய திகன ஊர் மெக்கானிக், பழைய டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழன்று பிளக்குகளுக்கு மின்சாரம் பகிரும் அந்தச் சின்ன ரோட்டரைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். "இனி இது வேணாம் சேர்." அதில் கருகிய நெடி அடித்தது.

என் சின்ன வயதில், கலஹா தேயிலைத் தோட்டத்தில் அப்பா, தோட்ட மேனேஜரான துரையின் டிரைவர். காரை நிறுத்தியதும் ரோட்டரைக் கழற்றித் துரையிடம் கொடுத்துவிட வேண்டும். அது இல்லாமல் கார் கிளம்பாது. டிரைவர் கேட்காமல் எடுத்துப் போகவும் முடியாது.

ஒரு ஞாயிறு மதியம், பிரசவ வலியில் கிடந்த அம்மாவுக்கு இரத்தம் நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போக ரோட்டரைக் கேட்டு அப்பா துரையின் பங்களாவுக்கு ஓடினார்.

"தொரை தூங்குறாரு. எழுப்புனா என் வேல போயிரும்யா," என்றார் சமையல்காரர்.

துரை நாலு மணிக்கு எழுந்தார். அம்மா அதற்குள் இறந்துவிட்டாள்.

"எழுப்பியிருக்கலாமே டிரைவர்," என்றார் துரை.

"பரவாயில்லீங்க தொரை," என்றார் அப்பா.

அந்தப் பதிலுக்காக, துரையைவிட அப்பாவைத்தான் நான் அதிக காலம் வெறுத்தேன்.