பெட்டிக்குள் இருந்த எச்சரிக்கை

2022 கார்த்திகையில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணிக்கே சுகிர்தா அக்கா வயலை விட்டு வெளியேறினார். காவாந்தண்டலத்தில் களையெடுக்கும் பெண்களுக்கு இருபது வருடமாக முன்னால் நின்றவர் அவர். அன்று நெல்லைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் புல்லை விட்டுக்கொண்டே போயிருந்தார்.

"இன்னா சுகிர்தா, கண்ண வூட்லயே வெச்சிட்டு வந்துட்டியா?" என்று நிலக்காரர் பாண்டுரங்கன் கத்த, கூட நின்ற பெண்கள் சிரித்தார்கள். கையைக் கழுவிக்கொண்டு வரப்பேறிப் போனவரை அதன்பின் யாரும் களைக்குக் கூப்பிடவில்லை.

பக்கத்து வீட்டுக்காரியான நான் வடக்கே ஊர் ஊராகச் சுற்றிவிட்டுத் திரும்பியது நான்கு மாதம் கழித்து. அப்போது அவருக்கு எதிரே நிற்பவரின் முகமே தெரியவில்லை. பச்சையும் சிவப்பும் ஒரே சாம்பல்.

அதற்குச் சில மாதம் முன்பே அவருக்குக் காசநோய் வந்திருக்கிறது. தெரிந்தால் வயலில் பக்கத்தில் யாரும் குனியமாட்டார்கள் என்று பயந்து, உத்திரமேரூரில் ஒரு தனியார் டாக்டரிடம் ரகசியமாகப் போயிருக்கிறார். அவர் எழுதிய மாத்திரைகளில் ஒன்று கண் நரம்பைக் கெடுக்கக்கூடியது. மாதாமாதம் கண்ணைச் சோதிக்க வேண்டும். மங்கினால் உடனே நிறுத்த வேண்டும். மங்குகிறது என்று அக்கா போய்ச் சொன்னபோது டாக்டர் சொன்னது: "வயசாகுதில்ல, கண்ணாடி போட்டுக்க." அக்காவுக்கு நாற்பத்து மூன்று வயது.

டாக்டர் மீதும் மருந்து கம்பெனி மீதும் நுகர்வோர் கோர்ட்டில் வழக்குப் போட்டோம். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் எச்சரிக்கைச் சீட்டு இருக்கிறது, படிக்காதது அந்தம்மாவின் தப்பு என்றார் கம்பெனி வக்கீல். டாக்டரும் அதையே பிடித்துக்கொண்டார். லைசென்ஸ் போய்விடும் என்று பயந்த மருந்துக்கடை கோபால், முழுப் பெட்டிதான் கொடுத்தேன் என்று சாட்சி சொல்லிவிட்டார்.

"பொட்டியா? கண்ணு நல்லா இருந்தப்பவே நான் அந்தப் பொட்டிய பாத்ததில்லீங்க" என்றார் அக்கா.

பில் கிடையாது. கூலி கிடைத்த அன்று இரண்டு மாத்திரை, மூன்று மாத்திரை. கோபால் அட்டையிலிருந்து கத்தரித்துக் கொடுப்பார். பெட்டியும் சீட்டும் கடையிலேயே நின்றுவிடும். எங்கள் பக்கம் மருந்து வாங்குவது இப்படித்தான் என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் ஆதாரம் கேட்டார்கள்.

எங்கள் வக்கீல் வளர்மதி, அக்காவின் வீட்டுக்கே வந்து அலமாரியைத் துழாவினார். "காலி அட்டையாவது வெச்சிருக்கீங்களாக்கா?"

"அதுவா? தோட்டத்துல தொங்கிகினு கீதே, பாரு."

கீரை விதையைக் குருவி கிளறாமலிருக்க, பளபளக்கும் அட்டைகளை நூலில் கோத்துப் பாத்திக்கு மேல் கட்டியிருந்தார். எல்லாமே கத்தரி பட்ட துண்டுகள்; நூற்றுப் பதினேழு. குருவி எச்சம் ஒட்டிய அந்தச் சரம் அப்படியே கோர்ட் மேசைக்கு ஏறியது. அதைப் பார்த்த கோபால் இரண்டாவது கேள்வியிலேயே உண்மையைச் சொல்லிவிட்டார். கம்பெனி வக்கீல் கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டே வாய்தா கேட்டார். அடுத்த முறையும் கேட்டார். அதற்கடுத்த முறையும்.

2025 ஆனியில், நான் மறுபடி வெளியூரில் இருந்தபோது, அக்காவின் குரல் செய்தி ஒன்று போனில் வந்தது:

"நாம கெலிச்சிட்டோம்மா. பொட்டிக்குள்ள கீற சீட்டு கைக்கு வர்லன்னா, எச்சரிக்கை சொன்னதாவே ஆவாதுன்னு தீர்ப்புல எழுதிட்டாங்களாம். கம்பெனிக்காரன் மேல்கோர்ட்டுக்குப் போறானாம். போவட்டும், நானும் வரேன்னு சொல்லிட்டேன். எந்த பஸ்ஸுன்னு பாத்து ஏத்திவுட மட்டும் நீ வந்துடு."