ரேவதி கொண்டுவந்த ஃபிளாப்பி

பெரியவளே, போன வாரம் நீ வேலைக்குப் போன கொஞ்ச நேரத்திலேயே திரும்பி வந்துவிட்டாய். ஆபீஸில் எல்லாக் கம்ப்யூட்டரிலும் பாதுகாப்புக்கென்று புதிதாக ஏதோ ஏற்றினார்களாம், எல்லாத் திரையும் நீலமாகி நின்றுவிட்டதாம். "லீவு நைனா!" என்று செருப்பை உதறினாய். உன் தம்பியும் சேர்ந்து சிரித்தான். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ஏன் முகம் மாறிவிட்டது என்று இரண்டு பேரும் கேட்டீர்கள். வாயால் சொல்ல வரவில்லை. எழுதிப் பார்க்கிறேன்.

நீலத் திரை என்றதும் எனக்கு முதலில் வருவது ஒரு வாசனை. கம்ப்யூட்டர் பெட்டியின் மூடியைக் கழற்றினால் எழும் சூடான தூசியும் விபூதியும் கலந்த வாசனை. திருத்தணியில் இருபது வருடத்துக்கு முன்பு நான் கழற்றிய பெட்டிகளில் பாதிக்கு மேல் நெற்றியில் பட்டை போட்டவைதான். வெள்ளிக்கிழமை ஊதுபத்திச் சாம்பலை உள்ளே ஓடும் விசிறி இழுத்து வைத்திருக்கும். நான் பத்தாவது முடித்து, அரக்கோணத்தில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் ரிப்பேர் படித்தவன். தோள்பையில் ஸ்க்ரூ டிரைவர், பெயின்ட் அடிக்கும் பிரஷ், நாலைந்து சீடி. "டாக்டர் வந்துகினு இருக்காரு" என்று கடைக்காரர்கள் கிண்டலாகச் சொல்வதை நான் நிஜமென்றே எடுத்துக்கொண்டிருந்தேன்.

மலைக்குப் போகிற வழியில் முனிரத்தினம் அண்ணனின் டிடிபி கடை இருந்தது. கல்யாணப் பத்திரிகை, பள்ளிக்கூடக் கேள்வித்தாள் எல்லாம் அங்கேதான் தயாராகும். டைப் அடித்தது ரேவதி. ஆர்.கே.பேட்டைப் பெண், அப்பா கூலிக்கு விசைத்தறி ஓட்டுகிறவர். அந்தக் கம்ப்யூட்டருக்கு முந்தின நாள்தான் புது வைரஸ் தடுப்பு போட்டுக் கொடுத்திருந்தேன். மறுநாள் காலை அண்ணன் கூப்பிட்டு அனுப்பினார். போட்டால் நீலம். தானாக அணையும், எழும், மறுபடியும் நீலம்.

"வைரஸ்தானே?" என்றார் அண்ணன். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ரேவதி பக்கம் திரும்பி, "நேத்து சாயங்காலம் இன்னாமோ ஃபிளாப்பி சொருகினியே, இன்னா அது?"

"என் பயோடேட்டாண்ணா. பிரிண்ட் எடுக்கலாம்னு..."

"ஆங்! வேற வேலை தேடிகினு, என் மிசினுக்கு வைரஸ் வேற ஏத்தியா?"

அவள் கை விசைப்பலகை மேலேயே இருந்தது. எடுப்பதா வேண்டாமா என்று தெரியாத மாதிரி. கம்ப்யூட்டருக்குள்ளே மூன்று வகுப்புக் கேள்வித்தாள் இருந்தது, வேறு பிரதி கிடையாது. எங்கள் தொழிலில் எதற்கும் ஒரே வைத்தியம்தான், மொத்தமாக அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றுவது. இங்கே அதைச் செய்ய முடியாது. திரையில் இருந்த எண்களை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு எதிரே இருந்த எஸ்டிடி பூத்துக்கு ஓடினேன். சென்னையில் பெரிய கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்த்த சேகர் ஒருவனைத்தான் கேட்க முடியும். அவனுக்குப் போன் போட்டேன்.

"பழைய ஆன்டிவைரஸ எடுத்துட்டுத்தானே புதுச போட்ட?" என்றான்.

நான் கழுத்தில் ஒன்று, இடுப்பில் ஒன்று என்று இரண்டு தாயத்தோடு வளர்ந்தவன். பழையதும் இருக்கட்டும், காவலுக்குக் காவல் என்று விட்டிருந்ததைச் சொன்னேன்.

"டேய், ரெண்டும் ஒரே ஃபைல ஆளுக்கொரு பக்கம் புடிச்சி இழுக்குதுடா. அதான் படுத்துகினு இருக்குது."

பூத்துக்காரர் என் முகத்தைப் பார்த்து, "இன்னா டாக்டர், கேஸ் தேறாதா?" என்றார்.

வேர்வையில் உள்ளங்கை எண்கள் கரைந்துகொண்டிருந்தன. சேகர் சொன்னதை மனதுக்குள் சொல்லிக்கொண்டே சாலையைக் கடந்தேன். எழும்போது எஃப் எட்டு விசையைத் தட்டிக்கொண்டே இரு, சேஃப் மோடில் போ, புது ஆன்டிவைரஸின் ஃபைல் பெயரை மாற்று. கடைக்குள் அண்ணன் இன்னும் கத்திக்கொண்டிருந்தார். தப்பு என்னுடையது என்று அப்போதே சொல்லியிருக்கலாம். முதலில் சரி செய்துவிடலாம், சரியான பிறகு சொன்னால் கோபம் குறைவாக இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு உட்கார்ந்தேன்.

எஃப் எட்டை மூன்று முறை தவறவிட்டேன். நாலாவது முறை நாலு மூலையிலும் எழுத்தோடு சேஃப் மோடின் கறுப்புத் திரை வந்தது. பெயரை மாற்றி மறுபடி போட்டேன். பச்சை மலைப் படம், எழும்போது வரும் பாட்டு, கேள்வித்தாள் எல்லாம் வந்தது. திரும்பிப் பார்த்தேன். ரேவதி இல்லை. அவள் சாப்பாட்டுக் கூடை மாட்டியிருந்த ஆணி காலியாக இருந்தது.

"இனிமே வர வேணாம்னுட்டேன்," என்றார் அண்ணன்.

"அண்ணா, தப்பு என்னுதுண்ணா. ஃபிளாப்பில ஒண்ணுமில்ல. நான் போட்டதுதான் மோதிகிச்சி."

அவர் சிரித்தார். "எனக்குத் தெரியாதா? பொண்ணு அழுதுச்சின்னா நீ உருகிடுவியே. போ போ, டீ சாப்புடு."

எத்தனை விதமாகச் சொன்னாலும் நம்பவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். ஆர்.கே.பேட்டை பஸ் போய்விட்டிருந்தது. அடுத்த பஸ்ஸில் நான் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. முன்பின் தெரியாத தெருவில் ஒரு பெண்ணைத் தேடிப்போய் நின்றால் அவளைத்தான் தப்பாகப் பேசுவார்கள் என்று நினைத்தேன். அது பாதி நிஜம். டாக்டர் பட்டம் போய்விடுமே என்பது மீதி.

அண்ணன் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். எஸ்டிடி பூத் இல்லை. ஃபிளாப்பியைப் படத்தில் காட்டினால்தான் தம்பிக்குத் தெரிகிறது. ரேவதிக்கு இப்போது நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். எங்காவது ஒரு ஆபீஸில் உட்கார்ந்திருப்பாள் என்றுதான் நினைத்துக்கொள்கிறேன். அங்கே ஒரு கம்ப்யூட்டர் நின்றுபோகிற நாளில், யாரும் எதுவும் கேட்பதற்கு முன்பே, நாம் என்ன தப்பு செய்தோம் என்று யோசிக்கிறவள் அவளாகத்தான் இருப்பாள்.