ரப்பர்ப் பாலில் ஒளித்த கம்மல்

சிரம்பானில் நகைக்கடைக்குள் நுழைந்தால், எந்தக் கல் நகையையும் நான் முதலில் திருப்பிப் பின்பக்கம்தான் பார்க்கிறேன் என்று நீங்கள் சிரிக்கிறீர்கள். அப்பாவுக்கு நகையின் முகம் எது முதுகு எது என்று தெரியவில்லை என்கிறான் சின்னவன். தெரியும். எப்படித் தெரிந்தது என்று எழுதி வைக்கிறேன். நான் தோட்டத்துப் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தவன். பிழை இருந்தால் திருத்திப் படியுங்கள்.

உங்கள் அம்மாவுக்குக் கல்யாணத்தில் அவள் அப்பா போட்டது ஒரு ஜோடி சிவப்புக் கல் கம்மல். நடுவில் ஒரு கல், சுற்றி ஆறு, ஆக ஒரு காதுக்கு ஏழு கல். அத்தனையும் கெம்பு என்று சொல்லித்தான் போட்டார். அந்தக் காலத்துக் கம்மலில் கல்லுக்குப் பின்னால் திறப்பு இருக்காது. தங்கத்தால் மூடி, உள்ளே அரக்கு நிரப்பி, அதன்மேல் மெல்லிய மினுக்குத் தகடு வைத்து, அதற்கும் மேலேதான் கல்லைப் பதிப்பார்கள். உள்ளே போன வெளிச்சம் தகட்டில் பட்டுத் திரும்புவதால்தான் கல் தணல் மாதிரி தெரிகிறது. அப்போது எனக்கு இதெல்லாம் தெரியாது. கல்லே அப்படி என்று நினைத்திருந்தேன்.

ஜப்பான்காரன் மலாயாவுக்கு வந்தபோது நாங்கள் கோலா சாவா பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் இருந்தோம். வெள்ளைக்காரத் துரை போய்விட்டார். லயத்து வரிசை வீடுகளில் ஆளாளுக்கு நகையை ஒளித்தார்கள். சிலர் அடுப்புக்கு அடியில் புதைத்தார்கள். சிலர் அரிசிப் பானைக்குள் போட்டார்கள். அரிசி தீர்ந்ததும் அதுவும் உதவவில்லை. நான் பால் கொட்டகையில் இருந்தவன். ரப்பர்ப் பாலில் ஆசிட் விட்டு உறைய வைப்பது என் வேலை. புத்தியும் அந்த வழியே போயிற்று. கம்மலைத் துணியில் சுற்றிச் சிரட்டையில் வைத்துப் பாலை ஊற்றினேன். சீக்கிரம் உறையட்டும் என்று ஆசிட்டைத் தாராளமாக விட்டேன். உறைந்ததும் அது வெறும் ரப்பர்க் கட்டி. நாற்றமடிக்கிற கட்டியை எவன் திருடப்போகிறான் என்று கூரைக் கம்பில் செருகினேன்.

"திருடன் தொடமாட்டான், சரி. நாமளும்தான் தொட முடியாது," என்றாள் உங்கள் அம்மா. காது தூர்ந்துபோகாமல் இருக்க ஓட்டையில் ஈர்க்குச்சி செருகிக்கொண்டாள்.

அடுத்த வருஷம் உங்கள் பெரியக்காவுக்கு மலேரியா வந்தது. அவளுக்கு அப்போது மூன்று வயது முடியவில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் மத்தியானத்துக்கு முன் நடுக்கம் வரும், பிறகு காய்ச்சல் கொதிக்கும். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை. வேப்பிலைக் கஷாயம் கேட்கவில்லை. கை விளக்குமாற்றுக் குச்சி மாதிரி ஆகிவிட்டது. இன்னும் பத்து நாள் தாங்கமாட்டாள் என்று எனக்கே தெரிந்தது. சிரம்பானில் ஒரு சீன மருந்துக் கடை முதலாளி, தவுக்கே என்போம், அவரிடம் மலேரியாவுக்கான கொய்னா மாத்திரை இருப்பதாகச் சொன்னார்கள். ஜப்பான் நோட்டை வாங்கமாட்டாராம். நகை கொண்டுபோனால் தருவாராம்.

கட்டியை இறக்கி, மரம் சீவும் கத்தியால் பிளந்தேன். தங்கம் கறுத்துக் கிடந்தது. கற்கள் காய்ந்த வெற்றிலை எச்சில் நிறத்தில் இருந்தன.

"இது நம்ம கம்மல்தானா? வேற யாரு வீட்டுதையாச்சும் வச்சிட்டீங்களா?" என்றாள் அம்மா. டயருக்குப் பதில் ரப்பர்க் குழாய் சுற்றிய சைக்கிளில் அப்படியே சிரம்பானுக்குப் போனேன். தவுக்கே அதை வாசல் வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்தார். "காச்சா லா," என்று திருப்பித் தந்தார். கண்ணாடி என்கிறார். கறுத்த தங்கத்தையும் அவர் பித்தளை என்றே நினைத்தார்.

எங்கள் லயத்துக் கடைசி வீட்டில் ஓர் ஆசாரி இருந்தார். சண்டைக்கு முன்னால் நகை செய்தவர்; அப்போது எல்லாரையும் போல மரவள்ளி கொத்திக்கொண்டிருந்தார். கம்மலை மோந்து பார்த்தார்.

"ஏம்ப்பா, ஊறுகாயா போட்டு வச்சிருந்த?"

ஒளித்ததையும் தவுக்கே திருப்பித் தந்ததையும் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே சிற்றுளியால் பின்மூடியைத் திறந்தார். புளித்த தண்ணீர் கசிந்தது. அரக்கு இளகி, தகடு பச்சையாக அரித்திருந்தது. "கல்லுக்கு ஒண்ணும் ஆகல. முதுகுதான் போச்சு," என்றார்.

புதுத் தகடு வைத்துத் தரச் சொன்னேன்.

"சிகரெட்டு டப்பாத் தாள் வச்சாலே தகதகன்னு இருக்கும். ஆனா அந்தாளு ஒரு தரம் வேணாம்னுட்டான். இனிமே பின்னால நோண்டிப் பாப்பான். தாளைக் கண்டா அதோட சரி. கல்லை வெறுமனே கொண்டு போ. கெம்புன்னா அதுவே பேசும்."

"இல்லேன்னா?"

"இல்லேன்னா பேசாது."

பதினாலு கல்லையும் கழற்றிக் கழுவினார். ஒவ்வொன்றையும் நாக்கில் வைத்துக் குளிர்ச்சி பார்த்தார். வாயால் ஊதி, படிந்த ஆவி எவ்வளவு சீக்கிரம் மறைகிறதென்று பார்த்தார். நல்ல கல்லில் உடனே மறையும். வெயிலுக்கு நேரே பிடித்தால் கண்ணாடிக்குள் குமிழி தெரியும். வெள்ளைத் துணியில் இரண்டு குவியலாகப் பிரித்தார். பிள்ளையை மடியில் போட்டு உட்கார்ந்திருந்த அம்மாதான் கேட்டாள்.

"எது கண்ணாடி?"

"இந்தப் பக்கம்."

"அதுதான் நெறைய இருக்கு."

"உங்கப்பாவையும் எவனோ ஏமாத்தியிருக்கான் தங்கச்சி."

"அது கெடக்கட்டும் அண்ணே. அந்த நல்ல கல்லு ஆறையும் மடிச்சு அவர் கையில குடுங்க."

நீங்கள் கல் வாங்கும்போது கவனிக்க வேண்டியதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடை விளக்கடியில் முடிவு செய்யாதீர்கள். வாசலுக்குக் கொண்டுவந்து பகலில் பாருங்கள். பின்பக்கம் திறந்திருந்தால் கல்லின் சொந்த நிறம் தெரியும். மூடியிருந்தால் உள்ளே என்ன என்று கேளுங்கள். மூடிய நகையோடு குளிக்கக் கூடாது, எண்ணெய் சீயக்காய் படக் கூடாது. உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்தால் போதும். முத்து, பவளத்துக்கு அருகில் புளி, எலுமிச்சை, ஆசிட் எதுவும் ஆகாது. நான் முத்துக் கம்மலை அந்தப் பாலில் வைத்திருந்தால் அது அரித்தே போயிருக்கும்.

கம்மலின் தங்கத்தை ஆசாரி உருக்கி மணியாக்கித் தந்தார். அதையும் ஆறு கல்லையும் எடுத்துக்கொண்டு தவுக்கேயிடம் போனேன். தகடு இல்லாத கல் வெளிர் ரோஜா நிறத்தில்தான் இருந்தது. எனக்கே அதன்மேல் நம்பிக்கை இல்லை. அவர் ஒரு கல்லை எடுத்துத் தன் மருந்து அலமாரிக் கண்ணாடியில் இழுத்தார். நீளமாகக் கீறல் விழுந்தது; கண்ணாடிக் கல்லால் அப்படிக் கீற முடியாது. கல்லை விட அந்தக் கீறலைத்தான் அவர் அதிக நேரம் பார்த்தார். மற்ற ஐந்தை இழுக்கவில்லை. உள்ளே போய் மாத்திரையைத் தாளில் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்தார். எண்ணிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

பாதி மாத்திரையைப் பொடித்துத் தேனில் குழைத்துக் கொடுத்தோம். முதல் தரம் துப்பினாள். பிறகு அம்மா மூக்கைப் பிடித்து விழுங்க வைத்தாள். அடுத்த நடுக்கம் லேசாக வந்தது. அதற்கடுத்த முறைக்குரிய நாளில் காலையிலிருந்து இரண்டு பேரும் அவள் பக்கத்தை விட்டு நகரவில்லை. அம்மா அவள் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

"கைய எடும்மா. ஈ மாதிரி," என்றாள் பிள்ளை.

மத்தியானம் தாண்டியது. நடுக்கம் வரவில்லை. சாயங்காலம் கிழங்கு கேட்டாள். அம்மா அடுப்பு மூட்ட எழுந்து போனாள்.